பின்பக்கம் காலியாக இருந்த டப்பா: பேரணாம்பட்டில் ஒரு ஃபாரின் கிரீம் செய்த வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. காட்பாடிப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், டி.பார்ம் படித்தவன், பதினாறு வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன். இதில் வருகிற பெண் என் மனைவியின் தங்கை, பேரணாம்பட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள், வயது இருபத்தாறு, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் வேலை. அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். சரி.

ஆடி மாசம் ஆரம்பித்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கும்போது செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாக நிற்கிறது என்று சொன்னாள். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது வருவதுதானே என்று நானும் விட்டுவிட்டேன், உப்பைக் குறை, ராத்திரி காலுக்குத் தலகாணி வைத்துப் படு என்றேன். ரெண்டு வாரத்தில் காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி ஊதியிருந்தது. உள்ளூர் கிளினிக்கில் நீர் பிரிகிற மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வற்றியது, மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வந்தது. வீட்டில் அதற்குள் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது: தண்ணி. பேரணாம்பட்டில் எந்த நோய் வந்தாலும் தோல் பதனிடுகிற ஷாப்புக் கழிவும் பாலாற்றுத் தண்ணீரும்தான் முதல் குற்றவாளி, அதில் அநியாயமும் இல்லை, நாற்பது ஐம்பது வருஷம் பட்ட அவஸ்தை அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற ஐந்து பேரில் இவள் ஒருத்திக்கு மட்டும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் என் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள், பாத்ரூம் போனால் சோப்புத் தண்ணி ஊற்றின மாதிரி நுரை நிற்கிறது, தண்ணி ஊற்றினாலும் போக மாட்டேன் என்கிறது என்று. அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. கடையிலிருந்த சிறுநீர் டெஸ்ட் பட்டை ஒன்றை எடுத்துப்போய் சிறுநீரில் முக்கிப் பார்த்தோம். மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம் கரும்பச்சைக்குப் போனது. அல்புமின் என்கிற புரதம் நாலு பிளஸ்.

மறுநாளே வேலூரில் கிட்னி டாக்டரிடம் காட்டினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. ரத்தத்தில் அல்புமின் குறைவு, கொலஸ்ட்ரால் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் மட்டும் நார்மல், கடவுள் புண்ணியம். டாக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று என்னைப் பார்த்தே கேட்ட மாதிரி இருந்தது: "வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டாள். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக், கொடுத்தவன் நான். இந்த மாதிரி புரதம் ஒழுகுகிற கிட்னி நோய்க்கு வலி மாத்திரையும் ஒரு காரணம் ஆகலாம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மச்சினிதானே என்று சீட்டில்லாமல் கொடுத்திருக்கிறேன். கிட்னியில் இருந்து துளி சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள், அந்த ரிசல்ட் வருகிற வரைக்கும் நான் சரியாகத் தூங்கவில்லை.

பயாப்சி சொன்னது மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி. கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டுகிற மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே படிவு படிவாக உட்கார்ந்துகொண்டால், உள்ளே நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் இறங்கிவிடும். நுரை அந்தப் புரதம்தான். ரத்தத்தில் புரதம் குறைவதால் நீர் வெளியே கசிந்து காலில் நிற்கிறது. பெரியவர்களுக்கு வரும்போது பெரும்பாலும் பி.எல்.ஏ.2.ஆர் என்கிற எதிர்ப்பொருள் ரத்தத்தில் கிடைக்கும். இவளுக்கு அது இல்லை. பயாப்சித் துண்டுக்கு வேறு சாயம் போட்டுப் பார்த்துவிட்டு "நெல் ஒன் பாசிட்டிவ்" என்றார்கள். கூட வந்திருந்த என் மாமியார் "எந்த நெல்லுப்பா, நம்ம ஊட்ல பொன்னி அரிசிதானே ஆக்கறோம்" என்று கேட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நெல் ஒன் என்பது ஒரு புரதத்தின் பெயர். அது இருந்தால் டாக்டர்கள் ரெண்டு பக்கம் தேடுவார்கள். ஒன்று உடம்பில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா, இன்னொன்று பாதரசம் எந்த வழியிலாவது உள்ளே போகிறதா.

பாதரசத்தை டாக்டர்கள் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் கிட்னி பயாப்சி பார்க்கிற பேதாலஜி நிபுணர்கள் 2022ல் வெளியிட்ட ஆய்வில், நெல் ஒன் வகை வந்தவர்களில் கணிசமானவர்கள் நாட்டு மருந்து சாப்பிட்டவர்கள், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது என்று காட்டினார்கள். அதனால் எங்களிடமும் அதையே கேட்டார்கள், பஸ்பம், செந்தூரம், லேகியம், சுகர் மருந்து, குழந்தை பிறக்க மருந்து, ஏதாவது? இல்லை, இல்லை, இல்லை. கல்யாணமே ஆகாத பெண். ஆக அடுத்தது ஸ்கேன். நெஞ்சு, வயிறு, மார்பகம் என்று வரிசையாக. அந்தப் பத்து நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. மாமியார் விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார், இன்னும் போய் முடிக்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு ரிப்போர்ட்டைக் காட்டப் போன அன்றுதான் விஷயம் திரும்பியது. பெரிய டாக்டர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த படிக்கிற டாக்டரம்மா, முப்பது வயசுகூட இருக்காது, அவர் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இவள் முகத்தையும் மேசை மேல் இருந்த கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் கோதுமை நிறம், கை மாநிறம், கழுத்தில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிறது. "முகத்துக்கு என்னம்மா போடறீங்க?"

"கிரீம்தான் டாக்டர். ஃபாரின்து. நல்ல கிரீம்."

அடுத்த விசிட்டுக்கு அந்த டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார்கள். நான்தான் போய் எடுத்துவந்தேன், அதனால் அது எப்படி இருந்தது என்று கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கை அகலத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி, தங்க நிற விளிம்பு, முன்பக்கம் ஒரு பெண்ணின் முகம் பாதி கறுப்பாக, பாதி வெளுப்பாக. ஆங்கிலமும் அரபியும். ஓரத்தில் மினுங்குகிற ஹோலோகிராம் ஸ்டிக்கர், "போலிகளை நம்பாதீர்கள்" என்று ஒரு வரி (இந்த வரி இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும், அது தனிக் கதை). உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் வெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சள் கிரீம், மேல் பக்கம் காற்றுப் பட்ட இடம் கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது. வாசனை பிரமாதம். பெட்டியின் பின்பக்கம் எப்படிப் போடுவது என்று நாலு வரி, ராத்திரி மட்டும் போடவும், வெயிலில் போகாதீர்கள், அப்புறம் பொடி எழுத்தில் தங்கம் வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. செய்தவர் பெயராக ஒரு கம்பெனிப் பெயர், முகவரி கிடையாது. இந்தியாவில் கொண்டுவந்து விற்பவர் யார் என்று இருக்க வேண்டிய இடம் காலி. எம்.ஆர்.பி. கிடையாது. பேட்ச் நம்பர் என்று ஏதோ குத்தியிருந்தது, அது மூன்று பெட்டியிலும் ஒரே நம்பர்.

ஆமாம், மூன்று பெட்டி. ஒன்று தீர்ந்தது, ஒன்று ஓடுவது, ஒன்று பிரிக்காதது. ஏழு மாசமாக, தினம் ராத்திரி.

நகையில் படக்கூடாது என்ற வரியைப் படித்ததும் என் மனைவிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு அப்புறம் தங்கச்சியின் மோதிரம் ஒரு பக்கம் வெளுத்துப்போய், தங்கமா வெள்ளியா என்று தெரியாமல் இருந்திருக்கிறது. மோதிரம் கலப்படம் என்று நினைத்து, குடியாத்தத்தில் வாங்கின ஆசாரியிடமே சண்டைக்குப் போயிருக்கிறார்கள். அவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரசம் எதுலயாவது கைய வெச்சியா?" என்று கேட்டாராம். ரசம் என்றால் பாதரசம். பழைய பொற்கொல்லர்களுக்குப் பாதரசத்தின் குணம் அத்துப்படி, தங்கத்தைக் கண்டால் ஒட்டிக்கொண்டு வெள்ளையடிக்கும், நெருப்பில் காட்டினால் ஆவியாகிப் போகும். அவர் ஊதுகுழாயை வைத்து ஊதினார், மோதிரம் மஞ்சளாகிவிட்டது, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். இவள் "ரசம் வெச்சது அம்மா, நான் சாப்ட்டதுதான்" என்று ஜோக்கடித்துவிட்டு வந்திருக்கிறாள். லட்சக்கணக்கில் ஸ்கேனும் பயாப்சியும் செய்து நாங்கள் ஆவணியில் கண்டுபிடித்ததை ஒரு ஆசாரி தை மாசமே சொல்லிவிட்டார், கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. (அந்த ஆவியை அவர் மூச்சில் இழுத்திருப்பார் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். அவருக்குப் போய்ச் சொன்னேன், "நாப்பது வருசமா ஊதிகினு கீறேன் தம்பி" என்றார்.)

ஆனால் வெளுத்த மோதிரத்தை எந்த ரிப்போர்ட்டிலும் சேர்க்க முடியாது. கிரீமை டெஸ்ட் செய்ய வேண்டும். எனக்கு ஒரு குறுக்கு யோசனை வந்தது. டச் பார்க்கிற நகைக்கடைகளில் எக்ஸ்ரே அடித்துத் தங்கத்தின் தரம் சொல்கிற மெஷின் இருக்கிறது, அதே தொழில்நுட்பத்தில்தான் வெளிநாடுகளில் கிரீமில் பாதரசம் இருக்கிறதா என்று முதல் கட்டமாகப் பார்க்கிறார்கள். வேலூர் லாங் பஜாரில் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டேன். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எங்க மெஷின்ல முகப்பூச்சு வெக்க மாட்டோம் சார்" என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். கடைசியில் அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினோம், பன்னிரண்டு நாள் ஆயிற்று. வந்த எண் நாலு இலக்கம், பிபிஎம் கணக்கில். 2020ம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படி இருக்கலாம் என்பது தற்செயலாகக் கலந்தால் ஒரு பிபிஎம், அதாவது ஒரு கிலோ கிரீமில் ஒரு மில்லிகிராம். கண்ணைச் சுற்றிப் போடுகிற மை மாதிரியானவற்றுக்கு மட்டும் கெடாமல் இருக்க எழுபது பிபிஎம் வரை விதிவிலக்கு உண்டு. நாலு இலக்கத்தில் இருப்பது எந்தக் கணக்கிலும் தற்செயல் கிடையாது, அளந்து போட்டது. இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரிலும் பாதரசம் எகிறியிருந்தது.

ஏன் போடுகிறார்கள் என்றால், அது வேலை செய்கிறது, அவ்வளவுதான். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் உண்டாக டைரோசினேஸ் என்று ஒரு நொதி வேண்டும். பாதரச உப்பு அதை முடக்கிவிடும். மூன்று நாலு வாரத்தில் முகம் வெளுக்கும், பருகூட அடங்கும், கண்ணாடியைப் பார்க்கிறவளுக்கு நம்பிக்கை வந்துவிடும். இது மெதுவாகத்தான் பலன் தரும் என்று சொல்கிற ஒழுங்கான கிரீமெல்லாம் இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. தோல் வழியாக உள்ளே போன பாதரசம் கடைசியில் சேர்கிற இடம் கிட்னி.

இவள் ஒருத்தி கதை இல்லை இது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் கிட்னி டாக்டர்கள் 2021ல் இருந்து 2023 வரை பார்த்த மெம்ப்ரனஸ் நோயாளிகள் 22 பேர், அதில் 15 பேருக்கு நெல் ஒன், அந்த 15ல் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் போட்டவர்கள். அவர்கள் இதை எழுதி வெளியிட்டதால்தான் எங்கள் டாக்டரம்மாவுக்கு முகத்தைப் பார்க்கத் தோன்றியது என்று அவரே சொன்னார். மகாராஷ்டிராவில் அகோலாவில் ஒரே வீட்டில் அம்மா, ரெண்டு பெண்கள் என்று மூன்று பேருக்கு ஒரே கிரீமால் கிட்னி பாதிக்கப்பட்டு, மும்பையில் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றையும்விட மோசம் 2019ல் அமெரிக்காவில் சாக்ரமெண்டோவில் நடந்தது. 47 வயதுப் பெண், தெரிந்தவர் மூலமாக மெக்சிகோவில் இருந்து வாங்கின கிரீம், அதில் இருந்தது சாதாரண பாதரச உப்புகூட இல்லை, மூளையைத் தாக்குகிற கரிமப் பாதரசம். நினைவு தப்பிப் படுத்துவிட்டார். மூன்று ஊர், மூன்று மொழி, கிரீம் வந்த வழியில் மட்டும் பெரிய வித்தியாசம் கிடையாது: தெரிந்தவர்கள், பார்லர், பில் கிடையாது.

எங்கள் கிரீம் வந்த வழியைச் சொல்கிறேன். இவளோடு ஒரே லைனில் தைக்கிற ஒரு அக்கா, அவருடைய தம்பிக்கு வளைகுடாவில் வேலை, லீவில் வரும்போது பெட்டியில் இருபது முப்பது கொண்டுவந்திருக்கிறார். நம் பக்கத்தில் இது புதுசா என்ன? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எந்த ஊரில் பார்த்தாலும் ஃபாரினில் இருந்து ஆள் வந்த வீட்டில் செண்ட் வாசனை தெருமுனை வரை அடிக்கும், கோடாலித் தைலமும் சோப்பும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகும். ஃபாரின் சாமான் என்றால் ஒரிஜினல், நம்மூர் சாமான் என்றால் டூப்ளிகேட், இது எங்கள் தலைமுறைக்கு ரத்தத்தில் ஊறினது. அந்தத் தம்பி கொண்டுவந்த சரக்கு தீர்ந்ததும் அந்த அக்கா சென்னையில் ஒரு ஆளிடம் இருந்து அதே பெட்டியை வரவழைத்து, பெட்டிக்கு ஐம்பது ரூபாய் வைத்து, நானூற்றைம்பதுக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்த மூன்றில் எது வளைகுடாவில் இருந்து வந்தது, எது சென்னையில் யாரோ அடைத்தது, யாராலும் சொல்ல முடியாது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் முகத்திலும் அதே கோதுமை நிறம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கேள்விப்பட்டால் ஆச்சரியமாக இருக்கும், சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டு முகப்பூச்சு எதுவாக இருந்தாலும் இந்தியாவுக்குள் விற்க வேண்டுமானால் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும், 2020ம் வருஷத்து அழகுசாதன விதிகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. பதிவு எண்ணும், பதிவு வைத்திருப்பவரின் இந்திய முகவரியும் பெட்டியிலேயே இருக்க வேண்டும். உலக அளவில் பார்த்தால் பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா ஒப்பந்தம் இருக்கிறது. ஜப்பானில் பாதரசக் கழிவால் ஊரே நாசமான இடத்தின் பெயர் அது, நமக்குக் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை மாதிரி. 2017ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018ல் சேர்ந்தது, ஒரு பிபிஎம்முக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்கள் 2020க்குள் ஒழிய வேண்டும் என்றது, 2023ல் ஜெனீவாவில் கூடி அந்த ஒரு பிபிஎம் கணக்கையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்தது எதுவுமே கூடாது, 2025தான் கெடு என்றார்கள்.

இத்தனையும் யாருக்குப் பொருந்தும் என்றால், இறக்குமதி செய்கிறவருக்கு. எங்கள் கிரீமை யாரும் இறக்குமதியே செய்யவில்லை. அது துணி மூட்டைக்கு நடுவில் பெட்டியில் வந்தது. பதிவு எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதற்கு அர்த்தம் அச்சுப்பிழை இல்லை, பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான். கடையில் என்னிடம் பெண்கள் "இதுல என்ன கலந்திருக்கு பாருங்கண்ணா" என்று டப்பாவை நீட்டுகிறார்கள். கலவையைப் படித்து என்ன பிரயோஜனம், விஷத்தைக் கலக்கிறவன் அதை எழுதியா வைப்பான்? சில பெட்டியில் காலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரியோ என்று பாதரசத்தின் மாற்றுப் பெயர் எதையாவது போட்டிருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாமல் உண்மை பேசின மாதிரி. நான் இப்போது முதலில் பெட்டியைத் திருப்பி, இந்தியாவில் ஒரு முகவரி இருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா, எம்.ஆர்.பி.யும் இறக்குமதி செய்த மாசமும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அந்த நாலும் இல்லாத கிரீமில் ரோஜாப்பூ மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்க முடியும்தான், ஆனால் அதில் ஒரு முகவரியைப் போட வேண்டிவரும், போய்க் கதவைத் தட்ட ஒரு இடமாவது கிடைக்கும்.

இந்த இடத்தில் எனக்கு நம் மாவட்டத்து வழக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தோல் ஷாப்புக் கழிவுக்கு எதிராகப் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு. கெடுதல் வரலாம் என்று தெரிந்தால் முழு அத்தாட்சி கிடைக்கும்வரை காத்திருக்காதே, கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பாரம் தொழில் நடத்துகிறவன் தலையில் என்றது. நம் ஊர் தண்ணீருக்காக எழுதின வரிகள். தண்ணீர் விஷயத்தில் எந்த ஷாப், எந்த முதலாளி என்று கை நீட்டவாவது முடிந்தது. இந்த டப்பா விஷயத்தில் பாரத்தை ஏற்றத் தலையே கிடையாது.

புகார் கொடுக்கப் போனது சின்ன அத்தியாயம். டி.ஐ., அதாவது டிரக் இன்ஸ்பெக்டர், நல்ல மனிதர், டப்பாவைப் பார்த்ததுமே தலையாட்டினார், முதல் கேள்வி "பில் இருக்கா?" இல்லை. "எந்தக் கடை?" கடை இல்லை. "வித்தவங்க யாரு?" என் மச்சினி வாயைத் திறக்கவில்லை. அந்த அக்காவைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று வழியிலேயே சொல்லியிருந்தாள். அவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார், எனக்கே அதுவரை தெரியாது: 1940ம் வருஷத்து மருந்து, அழகுசாதனச் சட்டத்தின் 26ம் பிரிவில், வாங்கின எவர் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் பொருளைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வாங்கலாம். தனியார் லேப் ரிப்போர்ட்டைவிட அதற்கு எடை அதிகம். பிரிக்காத மூன்றாவது பெட்டியை அப்படியே கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கும் பேசினேன், அங்கேயும் பில்தான்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 2019ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 86ம் பிரிவு இருக்கிறது, செய்தவன் யார் என்றே தெரியாத பொருளாக இருந்தால், அதனால் வந்த கெடுதலுக்கு விற்றவனே பொறுப்பு. வக்கீல் அந்த ஷூ கம்பெனி அக்காவை மனதில் வைத்துத்தான் சொன்னார். நான் என் கடையை நினைத்துக்கொண்டிருந்தேன். கொரோனா முடிந்த சமயம், கடை கடையாகச் சரக்குப் போட லைனில் வருகிற ஒரு ஆள் இதே மாதிரித் தங்க விளிம்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான், வேறு பெயர், பில் இல்லாத சரக்கு, ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய் லாபம் நிற்கும் என்றான். ஒரு டஜன் எடுத்தேன். பத்து நாளில் போய்விட்டது. யார் யார் வாங்கினார்கள் என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் நாலு முகம்தான் ஞாபகம் வருகிறது, அதில் ரெண்டு பேரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், சிறுநீர் டெஸ்ட் செய்துகொண்டார்கள், ஒன்றுமில்லை. மீதிப் பேர் தெரியாது. இதை எழுதாமல் மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் அது கயமை.

வீட்டு விஷயம் ஒன்று பாக்கி. பாதரசக் கிரீம் போட்ட முகம் தலகாணியில் படுகிறது, துண்டில் படுகிறது, அதில் கொஞ்சம் ஆவியாகி அறையிலும் நிற்கிறது. கலிபோர்னியாவில் கிரீமைத் தொடாத வீட்டு ஆட்கள் உடம்பிலும் பாதரசம் இருந்ததை 2010லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கே இவள் பக்கத்தில் படுப்பது என் மைத்துனரின் நாலு வயசுப் பெண் குழந்தை. அத்தை கன்னத்தில் கன்னத்தை வைத்துத்தான் தூங்கும். குழந்தைக்குச் சிறுநீரில் பாதரசம் லேசாக இருந்தது, மாசக் கணக்கில் பார்த்ததில் இறங்கிவிட்டது, வேறு எதுவும் இல்லை. தலகாணி, உறை, துண்டு எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன மாதிரி பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துவிட்டோம். மாமியார் அடுப்பில் போட்டுக் கொளுத்தப் போனார், ஆசாரி கதைதான் அது, நல்லவேளை தடுத்தோம். பாதி இருந்த டப்பாவையும் குப்பையில் வீசவில்லை, மூடி டேப் ஒட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு என் கடைப் பரண் மேல் இருக்கிறது, யாரிடம் ஒப்படைப்பது என்று இன்னும் ஒரு ஆபீஸும் சொல்லவில்லை.

வைத்தியம் எனக்கே ஆச்சரியமாக எளிமையாக இருந்தது. கிரீமை நிறுத்து. புரதம் ஒழுகுவதைக் குறைக்கிற ஒரு பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, நீர் மாத்திரை, உப்புக் குறைவு. ரத்தம் உறைகிற ஆபத்து இருப்பதால் கொஞ்ச நாள் அதற்கும் ஒன்று. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. நிறுத்தினாலே பெரும்பாலானவர்களுக்கு மாசக் கணக்கில் சரியாகிவிடும் என்றார்கள். உடம்பில் உள்ள பாதரசம் பாதியாகக் குறைய ஒன்றிரண்டு மாசம் ஆகும், அப்புறம் பாதியில் பாதி என்று. கார்த்திகையில் நாலு பிளஸ் ரெண்டு பிளஸ் ஆயிற்று, சித்திரையில் டிரேஸ், அதாவது துளி, போன மாசம் சுத்தமாக இல்லை. நிறம் அதற்கு முன்னாடியே திரும்பிவிட்டது, ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே. பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவில் வேறு மாதிரி இருந்ததே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறாள். என் மனைவி நம்பவில்லை.

கம்பெனியில் அவள் லைனில் பதினோரு பேர் அந்தக் கிரீம் போட்டிருந்தார்கள். இவள் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு நேரத்தில் காட்டினாள், ஆறு பேர் நிறுத்தினார்கள். அந்த அக்கா நிறுத்தினார், டெஸ்டும் செய்துகொண்டார், அவருக்கு ஒரு பிளஸ் இருந்து சரியாகிவிட்டது. மீதிப் பேர், உனக்கு ஒத்துக்கலை, எங்களுக்கு ஒத்துக்குது என்றார்களாம்.

போன வாரம் லைன் ஆள் கடைக்கு வந்தான். அதே ஆள்தான், டி.வி.எஸ். எக்ஸெல்லில் ரெண்டு பக்கமும் பை. இந்தத் தடவை வெள்ளி நிற விளிம்பு, பாக்கிஸ்தான் கிரீம் இல்லைண்ணே, தாய்லாந்து, சுத்தமான மூலிகை என்றான். கையில் வாங்கி நேராகத் திருப்பினேன்.

"இன்னாண்ணே, எல்லாரும் மொகத்தப் பாத்து வாங்கறாங்க, நீங்க முதுகப் பாக்கறீங்க?"

"பில் போட்டுத் தரியா?"

பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான். எதிர்ச்சாரியில் ஃபேன்ஸி ஸ்டோர் முன்னால் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான்.